ராகு காலம் முடியட்டும்

"ஒன்றரைக்கு மேலதான் பில் போடணும், அதுக்கு முன்னாடி ஒத்தப் பைசா கைமாறக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டு செண்பகவல்லி அந்த மெத்து மெத்தென்ற சோபாவில் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டே கால். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதுவே அவளுக்குப் பாதி சந்தோஷம். கழுத்தில் அட்டை தொங்க நின்ற எஸ்தர், அந்த டிவி, மிக்ஸிக் கடையில் டேப்லெட் விற்று பில்லும் போடுகிறவள், முப்பது வயசிருக்கும், "ராகு காலமாக்கா? எங்க வீட்ல அதெல்லாம் பாக்கிறதில்ல. உங்க இஷ்டம். நல்லா ஏசில உக்காந்திருங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். ஏசின்னா ஏசி, அப்படி ஒரு ஏசி. கத்திரி வெயிலில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்ததில் முதுகோடு ஒட்டிக் கிடந்த ஜாக்கெட் இப்போது மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிறது. பின்கழுத்தில் காற்று படுகிறது. பதினெட்டு வருஷமாகச் சத்துணவு அடுப்புக்கு முன்னால் நின்று வெந்த கழுத்து, அடேயப்பா, இதுக்கும் இப்படி ஒரு கொடுப்பினை உண்டா. காலையில் காலண்டரில் அவள் ராசிக்கு 'சுகம்' என்று போட்டிருந்தான், சரியாகத்தான் போட்டிருக்கிறான். காசு கொடுக்காமல் ஒன்றேகால் மணி நேரம் சுகம், ராகுவுக்குக் கோடிப் புண்ணியம். எதிர்ச் சுவர் முழுக்க டிவி, அத்தனையிலும் ஒரே மீன் ஒரே நேரத்தில் திரும்புகிறது. மகள் நாகஜோதி தூரத்தில் மேசைகளுக்கு நடுவே சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் எடுத்து வைத்த டேப் பெட்டி பில் கவுண்டரில் தயாராக இருக்கிறது, சின்னது, ஒன்பதாயிரத்துச் சொச்சம். முடிந்தது வேலை. முடிந்ததா? முடிந்ததுதான். பிறகு எதுக்கு இந்தக் கால் பெருவிரல் தரையைப் பிறாண்டிக்கொண்டே கிடக்கிறது?

மகள் காலேஜுக்குப் போகிறாள். இதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கிறது கொஞ்ச நாளாக அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது. பஸ்ஸில் சொல்வாள், உலை கொதிக்கும்போது சொல்வாள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொல்வாள், ஒவ்வொரு தரமும் வயிற்றுக்குள் யாரோ குலவை போடுவார்கள். மதுரையில் பி.எஸ்ஸி. கணிதம், ஹாஸ்டல், இன்னும் பதினெட்டே நாள். கணக்கு எங்கிருந்து வந்தது இவளுக்கு? சங்கிலிப்பாண்டி, அவள் வீட்டுக்காரர், மில்லில் நைட் வாட்ச்மேன், 'எங்க வம்சம்டி' என்று மீசையைத் தடவுகிறார். அவர் வம்சத்தைத் தெரியாதா அவளுக்கு, விரல்விட்டு எண்ணினால் பத்தோடு விரல் தீர்ந்துபோகும் வம்சம். நல்ல மனுஷன்தான், பாவம். 'போன் இருக்குல்லாட்டி, அது போதாதா?' என்று மட்டும் கேட்டார். போன்! கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்ட போன். அதற்குள் பக்கத்தை விரித்து, இழுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் இந்தப் பிள்ளை படிக்கிறதைப் பார்த்தால் கல்லும் கரையும். டேப் ஒன்று இருந்தால் காலேஜில் சௌகரியம் என்று மகள் வாயால் ஒரு வார்த்தை வந்ததா? வரவே இல்லை. மாவு மில்லில் நிற்கும்போது சீனியர் பிள்ளையின் அம்மாக்காரி சொல்லித்தான் செண்பகவல்லிக்கே தெரியும், அங்கே பாடமெல்லாம் பைல் பைலாகத்தான் அனுப்புவார்களாம். மில்லில் இருந்து வந்து, 'ஏட்டி, உனக்கு டேப் வேணுமாமே' என்றால், 'அதெல்லாம் சும்மா சொல்லுவாங்கம்மா' என்று குனிந்தபடி தலையைச் சீவிக்கொண்டிருந்தாள் அந்தக் கள்ளி.

சரி, வந்தாச்சு, வாங்கியாச்சு, ஆனால் எதை வாங்கியிருக்கிறோம்? எஸ்தர் சொன்னதில் பாதி காற்றோடு போய்விட்டது. ஒவ்வொன்றுக்கு முன்னாலும் ஒரு அட்டை, அட்டையில் நம்பர். அறுபத்து நாலு ஜிபி, நூற்று இருபத்தெட்டு ஜிபி. நூற்று இருபத்தெட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிற பிள்ளைகளும் சரியாக நூற்று இருபத்தெட்டுத்தான். அத்தனை பேருக்கும் உலை வைத்து அளந்து போடுகிறவளுக்கு இது ஒரு கணக்கா? மகள் எடுத்த சின்னது அறுபத்து நாலு. அறுபத்து நாலு என்றால் பாதிப் பிள்ளைகள் பட்டினி. ச்சே, இது என்ன புத்தி, பெட்டிக்குள்ளே சோறா இருக்கு? இருந்தாலும் பட்டினி என்கிற வார்த்தை நெஞ்சுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது, மீன் முள் மாதிரி, விழுங்கினாலும் போகவில்லை. கத்திரிக்காய் வாங்கினால்கூட அரைமணி நேரம் புரட்டுகிற பிள்ளை, காம்பைப் பார்த்து, பூச்சியைப் பார்த்து, கடைக்காரன் 'ஏம்மா, கல்யாணமா பண்ணப் போற அத?' என்று கேட்கிற வரைக்கும் புரட்டுகிறவள், இன்றைக்கு உள்ளே நுழைந்தாள், அட்டையில் விலையைப் பார்த்தாள், இருக்கிறதிலேயே கடைசி விலையில் விரலை வைத்தாள். 'இதே போதும்மா.' அஞ்சு நிமிஷம். இன்னொன்றைக் கையில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

போதும். இந்த வார்த்தை யார் வீட்டுச் சொத்து? செண்பகவல்லி சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், ஏசி திடீரென்று ரொம்பக் குளிர்ந்தது. பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்கு அண்ணன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே கேட்டான், 'மேல படிக்கியா செம்பா, கேட்டுச் சொல்லச் சொன்னாங்க'. அவள் வாய் அவளைக் கேட்காமலே 'போதும்ணே' என்றது. அவன் 'சரி' என்று ஏறி மிதித்துப் போய்விட்டான். அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை, அவளே பூட்டி அவளே சாவியை எறிந்தாள். அன்றிலிருந்து சேலை எடுக்கப் போனால் முதல் அடுக்கிலேயே போதும், பந்தியில் அப்பளம் வந்தால் போதும், பிரசவத்துக்குப் பிறகு டாக்டரம்மா 'இன்னும் ரெண்டு நாள் படுத்துக்கோ' என்றபோதும் போதும். ஊர் மெச்சியது, 'செம்பா மாதிரி ஒரு பொண்ணு உண்டா, எதுக்கும் ஆசைப்பட மாட்டா.' ஆசைப்பட மாட்டாளாமே! டீச்சர் வேலைக்குப் படிக்கணும் என்று அவள் ஆசைப்பட்ட ஆசை அந்த அடுப்பங்கரைக்குத்தான் தெரியும். சரி, அதுக்காக இப்போது உட்கார்ந்து அழுவாளா, அழ மாட்டாள், ஏசிக் கடையில் உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும். ஆனால் இந்த வியாதி ஒட்டுவாரொட்டி என்று அவளுக்குத் தெரியாமல் போச்சே. பாலோடு கலந்து கொடுத்திருக்கிறாள் மகளுக்கு. 'பாரேன், உன்ன மாதிரியே தங்கமான பிள்ள' என்று பக்கத்து வீட்டில் சொன்னபோதெல்லாம் பூரித்துப் போய் நின்றாளே, மடச்சி.

எங்கே அந்தத் தங்கமான பிள்ளை? தலையைத் தூக்கித் தேடினாள். டிவிப் பக்கம் இல்லை. வாஷிங் மெஷின் பக்கம் இல்லை. தூண் மறைவில், பின்பக்க மேசையில், முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறாள். செண்பகவல்லி எழுந்து குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவே பூனை நடை நடந்து எட்டிப் பார்த்தாள். மேசையில் ஒரு பெரிய டேப், பக்கத்தில் வெள்ளையாக ஒரு பேனா, அந்தப் பேனாவால் கண்ணாடி மேலேயே மகள் எழுதுகிறாள். கணக்கு. இங்கிலீஷ் எழுத்து, அதன் தலையில் குட்டி நம்பர், ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இன்னும் எழுத்து. எழுதி, நிறுத்தி, பேனாவின் பின்பக்கத்தை உதட்டில் வைத்து யோசித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒரு வட்டம் போட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்தாள். அழித்துவிட்டுப் புதிசாக ஆரம்பித்தாள். எத்தனாவது தரமோ. காதோரம் வியர்வை, இந்த ஏசியிலும். ஒரு கால் செருப்பு கழன்று கிடக்கிறது, அது தெரியவில்லை அவளுக்கு. சின்ன வயசில் சுவரெல்லாம் எழுதிக் கரியாக்கியவள், இப்போது வரைக்கும் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்து அதன் முதுகில்தான் கணக்குப் போடுவாள். அதனாலேயே காலையில் தாள் கிழிக்கிற உரிமை வீட்டில் அவளுக்கு மட்டும். மேசையில் இருந்த அட்டையைச் செண்பகவல்லி தூரத்திலிருந்தே படித்தாள். நூற்று இருபத்தெட்டு. பதினாறாயிரத்து ஐந்நூறு.

அந்த நிமிஷம் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஏனென்றால் இந்த உலகத்தில் வேறு எதில் அவள் தோற்றாலும் இதில் தோற்க மாட்டாள். பதினெட்டு வருஷம் கரண்டி பிடித்த கை. போதும் ஆயம்மா என்று பிள்ளைகள் சொல்வதில் ரெண்டு ஜாதி உண்டு. நிஜமாகவே வயிறு நிறைந்த பிள்ளை போதும் என்று சொல்லும்போதே தட்டு பின்னால் போய்விடும், கை வந்து தட்டை மூடும். இன்னொரு ஜாதி இருக்கிறது, வெட்கப்பட்டது, வீட்டில் அடக்கி வளர்த்தது. அது வாயால் போதும் என்னும், தட்டு மட்டும் அங்கேயே நிற்கும், ஒரு அங்குலம் நகராது. அதுக்கு அவள் எதுவும் கேட்காமல் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவாள். ஊரார் பிள்ளைகள் எத்தனை பேரின் தட்டைப் படித்திருக்கிறாள்! பெற்ற பிள்ளையின் தட்டு முக்கால் மணி நேரமாக நகராமல் அந்த மேசையில் நிற்கிறது, இவள் ஏசிக் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே. வெட்கமாகவும் இருந்தது, அதை மீறிச் சிரிப்பும் வந்தது, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சோபாவுக்கே திரும்பி வந்தாள்.

வாங்கிவிடலாம். பையில் பதினெட்டாயிரம் இருக்கிறது, வைகாசி முகூர்த்தத்துக்குக் கல்யாணச் சமையலுக்குப் போய் அவள் கையால் சம்பாதித்தது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாங்கிவிடலாம்தான். ஆனால் பேனா தொலைந்தால்? தனிப் பேனா, சின்னது, ஹாஸ்டலில் கட்டிலுக்கடியில் உருண்டால்? எவளாவது தூக்கினால்? பெரிசாக இருக்கிறதே, பஸ்ஸில் இடிபட்டு உடைந்தால்? ராத்திரி முழுக்க அதிலேயே கண்ணை வைத்துக் கண் கெட்டால்? கணக்கை விட்டுவிட்டு சினிமா பார்த்தால்? பார்க்கட்டுமே, பதினேழு வயசில் சினிமா பார்க்காமல் எழுபதிலா பார்ப்பாள். மிச்சக் காசில் பெட்டி, வாளி, போர்வை வாங்கணுமே? கல்யாணத்துக்கு வந்த ட்ரங்குப் பெட்டி பரணில் கிடக்கிறது, பெயிண்ட் அடித்தால் ராஜாத்தி. இப்படி ஒரு பயம் வருவதும், அதை அவள் முறத்தில் போட்டுப் புடைத்துத் தள்ளுவதுமாகக் கடிகார முட்கள் ஓடின. கேட்காமல் வாங்கிக் கையில் கொடுத்துவிடலாமா, பிள்ளைகளுக்கு இன்னொரு கரண்டி வைக்கிறதுபோல? அங்கேதான் மறுபடி சிக்கியது. இவள் பதினெட்டு நாளில் மதுரைக்குப் போகிறாள். அங்கே பந்தியில் யார் இவள் தட்டைப் பார்க்கப் போகிறார்கள்? போதும் என்றால் 'சரி' என்று சைக்கிளை மிதித்துப் போகிற ஆட்கள்தானே ஊரெல்லாம். வாயைத் திறக்கணும் இவள். இன்றைக்கே திறக்கணும். கடிகாரத்தில் ஒன்று இருபத்தைந்து. இன்னும் அஞ்சு நிமிஷத்தில் ராகு காலம் முடியும், முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள்.

கவுண்டரில் மிக்ஸி வாங்க வந்த ஒரு மீசைக்காரர் எஸ்தரை விரட்டிக்கொண்டிருந்தார். "வேகமாப் போடும்மா பில்ல, ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிரும்." செண்பகவல்லி நின்றுவிட்டாள். "ஆரம்பிக்கவா? முடியல்லா போகுது?" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வியாழக்கிழம ஒன்றரை டு மூணும்மா. பன்னெண்டு டு ஒன்றரை நேத்து, புதன்." அவள் எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் பாவமாகச் சிரித்தாள். "வியாழன்தான்க்கா இன்னைக்கு." ஐயோ! பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது என்று பார்த்துப் பார்த்துப் புதன்கிழமையென்று கிளம்பி வந்தாளே! மனசு விறுவிறுவென்று பின்னால் ஓடியது. திங்கட்கிழமை. அன்றைக்கு இவள் எட்டயபுரத்தில் கல்யாணச் சமையலில், அப்பாவும் மகளும் பீஸ் கட்ட மதுரையில், வீடு பூட்டிக் கிடந்தது, தாளைக் கிழிக்க ஆளில்லை. செவ்வாய் காலையில் மகள் வழக்கம்போல ஒரே ஒரு தாளைக் கிழித்திருக்கிறாள். மூன்று நாளாக வீட்டில் காலண்டர் ஒரு நாள் பின்னாலேயே நொண்டி வருகிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் இருந்தால் தெரிந்திருக்கும், தக்காளி சாதம் போட்டால் என்ன கிழமை, முட்டைக் குழம்பு வைத்தால் என்ன கிழமை என்று அவள் கையே சொல்லும். லீவில் அவளுக்கு எல்லா நாளும் ஒரே நாள், நைட் ஷிஃப்ட் பார்க்கிற மனுஷனுக்கோ கிழமையே கிடையாது. நல்ல நேரத்தை முழுசாகச் சோபாவில் உட்கார்ந்து தள்ளிவிட்டு, கெட்ட நேரம் பிறக்கும்போது முந்தானையைச் செருகி எழுந்து வந்திருக்கிறாள், எந்த ஊர்க் கெட்டிக்காரி! அந்தச் சுகம்கூட நேற்றைய பலன்தான்.

சத்தம் கேட்டு நாகஜோதி ஒரு கால் செருப்போடு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை வாயைப் பொத்தியது, சிரிப்பு பீறிட்டது, உடனே அடங்கியும் போனது. "யம்மா, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. சின்னதுக்கு இப்பவே பில் போட்டுருவோம், பெட்டி இங்கதான இருக்கு." நல்ல யோசனைதான். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில், நேரமும் நல்ல நேரம். செண்பகவல்லி எஸ்தரிடம் கேட்டாள், "அந்தப் பேனா வச்சது இருக்குல்லா, அது?" "அது மாடி குடோன்ல இருந்து வரணும்க்கா, பத்து நிமிஷமாவது ஆகும்." மகளின் முகம் ஒரு நொடி விரிந்தது, விரிந்த வேகத்தில் மூடிக்கொண்டது. "அது எதுக்கும்மா? இதே போதும்." மூணு மணி வரை காத்திருக்கலாம். ஆனால் இன்னும் ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் இந்தப் பிள்ளை பத்துக் காரணம் சேர்த்து வைத்துக்கொண்டு இறுகப் பூட்டிவிடும், பூட்டுகிற வித்தை யாருக்குத் தெரியாது? பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் ராகு காலத்தில் ஒரு தீப்பெட்டி வாங்கியதில்லை அவள். மகளின் கையைப் பிடித்தாள், விரல் நுனியெல்லாம் சில்லென்று இருந்தது. "சின்னது வேண்டாம். நீ வாயத் திறந்து சொல்லு, எது வேணும்?" "எதுனாலும் சரிம்மா." "எதுனாலும்னு கடையில ஒண்ணும் விக்கல. சொல்லுட்டி." "நேரம் போகுதும்மா..." "போகட்டும். ராகு கெடக்கான். நீ சொல்லாம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

முள் ஒன்றரையைத் தொட்டது, தாண்டியது. மீசைக்காரர் பில்லை மடித்துப் பையில் வைத்தபடி போகாமல் நின்றார். எஸ்தர் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். நாகஜோதி தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "வேணும்" என்றாள், காற்று மாதிரி. "கேக்கல." "வேணும்மா! எனக்கு அந்தப் பேனா வச்சதுதான் வேணும்! சின்னதுல கணக்கு எழுத முடியாதும்மா, பேனாவே கெடையாது அதுக்கு!" கடையே திரும்பிப் பார்த்தது. மீசைக்காரர் "அப்படிச் சொல்லு தாயி" என்றார். எஸ்தர் குடோனுக்குப் போன் போட்டாள். செண்பகவல்லி மகளை இழுத்து நெற்றியில் திருஷ்டி கழித்து விரலை முறித்தாள், பத்து விரலும் சடசடவென்று முறிந்தன, அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. பில்லில் ஒன்று நாற்பத்து மூன்று என்று அடித்திருந்தது, முழு ராகு காலம், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெட்டி மகள் கைக்கு வந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரெண்டு எட்டு நடந்த நாகஜோதி நின்றாள். கொஞ்சம் யோசித்தாள். "யம்மா, இதுக்கு ஒரு கவர் வேணும். பச்சைல." "சரி." "அப்புறம்... பசிக்கும்மா. பிரியாணி வேணும்." சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள்.

"வேற?" என்றாள் செண்பகவல்லி. "வேற என்ன வேணும், சொல்லு."